நஷ்ட ஈடும் ஒரு பானை பட்டாணி சூப்பும்

"ஐயையோ, தூக்கிப் போட்டுட்டேனே!" என்று ஒனெர்வா போனில் கத்தினாள்.

மறுமுனையில் இருந்த சைலா என்ற பெண்ணுக்குக் காது அடைத்திருக்க வேண்டும். ஹெல்சிங்கியில், மின்சாரக் கம்பெனியின் நஷ்ட ஈட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். 

"எதைத் தூக்கிப் போட்டீங்க?"

"எல்லாத்தையும்தான். டிவி, ஃபிரிட்ஜ், பாட்டு மெஷின். செவ்வாய்க்கிழமை காலைலயே கொண்டுபோய்ப் போட்டாச்சு."

"ஃபாரத்துல மூணாம் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கே. பழுதான பொருளை முப்பது நாள் வீட்டுல வச்சிருக்கணும்னு."

"ஃபாரம் எங்களுக்குப் புதன்கிழமைதானேம்மா வந்துச்சு!"

திங்கட்கிழமை அடித்த காற்றில் காட்டுக்குள் ஒரு மரம் கம்பியின் மேல் சாய்ந்து, ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. அது பெரிய விஷயமில்லை. எங்கள் சாவோ மாகாணத்தில் அக்டோபர் காற்றுக்கு மரம் விழாவிட்டால்தான் பேச்சு. கரண்ட் திரும்பி வந்த விதம்தான் விபரீதமாகிவிட்டது. நியூட்ரல் கம்பி அறுந்து கிடப்பதைப் பார்க்காமல் கம்பெனிக்காரர்கள் இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள். வோல்டேஜ் எகிறி, பல்புகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று எரிந்தன, டிவி டப்பென்றது, பாட்டு மெஷினிலிருந்து புகை வந்தது. ஊரில் பதினொரு வீடுகளில் இதே கதை.

வேறு ஊராக இருந்தால், கருகிய சாமான்களை வாசலில் பரப்பி வைத்துவிட்டு கம்பெனிக்காரன் வரட்டும் என்று காத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படியா? அன்று சாயங்காலமே ஒருவருக்கொருவர் போன் செய்து, யார் வீட்டில் இழுவை வண்டி காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள். பழுதான பொருளோடு ஒரு ராத்திரி தூங்குவதே எங்களுக்குக் கஷ்டம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் ஊரின் மொத்த சாட்சியமும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கழிவு மையத்தில், மின்சாதனம் என்று போட்ட கூண்டுக்குள், ஒழுங்காக அடுக்கப்பட்டுவிட்டது.

"டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ரசீது ஈமெயில்ல அனுப்பியிருக்கீங்க, அது போதும்," என்றாள் சைலா. "அந்தப் பாட்டு மெஷினுக்குத்தான் ரசீது இல்லை. இருபது வருஷப் பழசுன்னு வேற நீங்களே எழுதியிருக்கீங்க."

"உண்மை அதானேம்மா."

"'இடது ஸ்பீக்கர் சில சமயம் இருமும்'னும் எழுதியிருக்கீங்க."

"இருமுமே."

சைலா ஒரு பெருமூச்சு விட்டாள். "உரிமம் உள்ள ரிப்பேர்காரர் அந்த மெஷினைத் திறந்து பாத்து, ஹை வோல்டேஜ்லதான் போச்சுன்னு லெட்டர் கொடுத்தா தரலாம். ஆனா உறுதியா எழுதியிருக்கணும். 'இருக்கலாம்', 'போலத் தெரியுது'ன்னு உங்க பக்கத்துலேர்ந்து இந்த வாரமே நாலு லெட்டர் வந்துச்சு. நாலையும் திருப்பி அனுப்பிட்டோம்."

"யார் எழுதினது?"

"வெய்யோன்னு ஒருத்தர்."

 அறுபது கிலோமீட்டர் சுற்றளவுக்கு வெய்யோதான் ஒரே ரிப்பேர்காரன். அவனிடம் மழை பெய்கிறதா என்று கேட்டால், "நனையற மாதிரி இருக்கு" என்பான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மேசையருகே இல்ப்போ உட்கார்ந்திருந்தார். அவள் கணவர். முப்பது வருஷம் அவளோடு சேர்ந்து ஊர் பாரை நடத்தி, வாய் ஓயாமல் பேசியவர். போன குளிர்காலத்தில் மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போய்விட்டது. ஆனால் பாட்டு போகவில்லை. பேச்சு தலையில் ஒரு பக்கம், பாட்டு வேறு பக்கம் என்று டாக்டர் சொன்னார். பாரை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தப் பழைய பாட்டு மெஷினில் இசை ஓடி, சின்னத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிறம் மாறினால் போதும், இல்ப்போவின் வாயிலிருந்து வரி வரியாக வந்துவிடும். தினமும் சாயங்காலம் மூன்று பாட்டு. ஒனெர்வா தன் கணவரின் குரலைக் கேட்டது இத்தனை மாதமாக அந்த மூன்று பாட்டில்தான்.

நஷ்ட ஈடு வந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற தைரியத்தில்தான் செவ்வாய்க்கிழமை அதைக் கொண்டுபோய்ப் போட்டாள். அன்று சாயங்காலம் மகள் வந்து போனில் பாட்டுப் போட்டுக் காட்டினாள். இல்ப்போ அதை ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதன்கிழமையும் வாய் திறக்கவில்லை. வேறு மெஷின் அவருக்கு ஆகாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போதாக்குறைக்கு, அவர்கள் கல்யாணத்தில் ஆடிய டாங்கோப் பாட்டு இருக்கும் இசைத்தட்டு அந்த மெஷினுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு போய்விட்டது.

மணி பன்னிரண்டு பத்து. வியாழக்கிழமை. கழிவு மையத்துக்கு லாரி வருவது வியாழக்கிழமை இரண்டு மணிக்கு.

"கிளம்பு இல்ப்போ!"

இல்ப்போவைத் தனியே விட முடியாது. அடுப்பில் இருந்த பட்டாணி சூப்பையும் விட முடியாது, ஃபிரிட்ஜ்தான் இல்லையே. வியாழக்கிழமை என்றால் எங்கள் நாடு முழுக்கப் பட்டாணி சூப்தான், அதைக் கீழே கொட்ட யாருக்கும் மனம் வராது. காரில் இல்ப்போவை ஏற்றி, மடியில் துண்டைப் போட்டு, துண்டின் மேல் பானையை வைத்து, பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கிளம்பிவிட்டாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்து அதையும் எடுத்து வந்திருந்தாள்.

சாலையில் எண்பது என்று போட்டிருந்தது. ஒனெர்வா எண்பதில் போனாள். எண்பத்தொன்று போகவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை அவள் பிடித்திருந்த பிடியில் அது வலியில் முனகியிருக்கும். போகும்போதே வெய்யோவைக் கூப்பிடத் தோன்றியது, ஆனால் கார் ஓட்டிக்கொண்டு போனைத் தொடக் கூடாது. பேருந்து நிறுத்தத்தில் காரை ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பிறகு கூப்பிட்டாள்.

"வெய்யோ, கழிவு மையத்துக்கு வர முடியுமா?"

"வர முடியலாம்."

"எப்ப?"

"அது பாத்துக்கிட்டு, ஒரு நேரத்துல..."

"இப்பவே வா. இல்ப்போவோட மெஷினை லாரி தூக்கிட்டுப் போகப்போகுது."

 இருபது வருஷம் பாரில் இல்ப்போவுக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தவன் வெய்யோ.

"பாக்கறேன்," என்றான். சாவோவில் இதைவிடப் பெரிய சம்மதம் கிடையாது.

கழிவு மையத்தின் வாசலில் நுழைந்ததுமே ஒனெர்வா பிரேக்கை அழுத்தி மிதித்தாள். மணி ஒன்றுதான் ஆகியிருந்தது, லாரி அதற்குள் வந்து நின்றிருந்தது. டிரைவர் மின்சாதனக் கூண்டின் கொக்கியில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் காரிலிருந்து இறங்கி, கரண்டியை ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

"நிறுத்துப்பா! அந்தக் கூண்டுல என் பொருள் இருக்கு!"

"உன் பொருள் இல்லை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மையத்தின் காவலாளி ஹன்னஸ். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். "செவ்வாய்க்கிழமை தரையில போட்டிருக்கற மஞ்சள் கோட்டைத் தாண்டி வச்சே. நான் பாத்தேன். கோட்டைத் தாண்டினா அது மையத்தோட சொத்து. எடுத்தா திருட்டு."

"கிளாஸ் லீடரா இருந்தப்பவும் இப்படித்தான்டா உயிரை வாங்கினே."

"அப்பவும் நீதான் பெல் அடிச்ச பிறகு வருவே."

"சரி, எடுக்கலை. பாக்கலாமா? பாக்கக் கூடாதுன்னு போர்டுல இருக்கா?"

ஹன்னஸ் போர்டின் பக்கம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே வரை படித்தான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே படித்தான்.

"பாக்கக் கூடாதுன்னு இல்லை."

"திறந்து பாக்க?"

"உரிமம் உள்ள ஆள் திறக்கலாம். கோட்டுக்கு உள்ளே வச்சு."

"வெய்யோவுக்கு உரிமம் இருக்கு. வந்துட்டிருக்கான்!"

"அம்மா, எனக்கு அதுவரைக்கும் நேரமில்லை," என்றான் லாரி டிரைவர். கிம்மோ என்று சட்டையில் எழுதியிருந்தது. வாட்டசாட்டமான இளைஞன், முகம் மட்டும் வாடியிருந்தது. "தூக்கி வச்சுட்டுக் கிளம்பறேன்."

ஒனெர்வா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருஷம் பாரில் நின்றவளுக்குப் பசித்த முகம் தெரியாதா?

"காலைலேர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டியிருக்கே தம்பி?"

"நாலு மணி நேரத்துக்கு மேல."

"அப்ப முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தியே ஆகணும். சட்டமில்லையா?"

"லோடு ஏத்திட்டு வழியில நிறுத்திக்குவேன்."

"சாப்பிட்டியா?"

"வழக்கமா நிக்கற கடைல கரண்ட் இல்லை. பூட்டிட்டுப் போய்ட்டான்."

"இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே," என்றாள் ஒனெர்வா மெதுவாக.

கிம்மோ காரைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் இல்ப்போ பானையைக் கட்டிப்பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. வாசனை வந்தது.

"பட்டாணி சூப்பா?"

"புகை போட்ட பன்னிக்கறி சேத்தது. நாலு மணி நேரம் விறகடுப்புல கொதிச்சது. கடுகு விழுதும் கலந்திருக்கு."

கிம்மோ லாரிக்குள் ஏறி இன்ஜினை அணைத்தான். "நாப்பத்தஞ்சு நிமிஷம்," என்றான் இறங்கி வந்து. "நாப்பத்தாறாவது நிமிஷம் கூண்டு வண்டில இருக்கும்."

ஹன்னஸ் தன் அறையிலிருந்து கிண்ணங்கள் கொண்டுவந்தான். இரண்டு. ஒன்று தனக்காம். ஒனெர்வா இல்ப்போவின் மடியிலிருந்து பானையை வாங்கி வந்தாள்.

வெய்யோ வரவில்லை. பத்து நிமிஷம் போயிற்று, பதினைந்து போயிற்று. ஒனெர்வா வாசலுக்கும் கூண்டுக்கும் இடையே நடந்து நடந்து கல்லைத் தேய்த்தாள். கிம்மோவின் கிண்ணம் காலியாகும்போதெல்லாம் கேட்காமலேயே ஊற்றினாள், வயிறு நிறைந்தவன் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டான் என்ற கணக்கில். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் வெய்யோவின் வேன், சவ ஊர்வலத்துக்குப் போவதைப் போல, அசைந்து அசைந்து உள்ளே வந்தது.

"சீக்கிரம்டா!"

"வந்தாச்சு போலிருக்கே," என்றான் வெய்யோ.

கூண்டுக்குள் டிவிக்கு அடியில் கிடந்த மெஷினைக் கண்டுபிடித்து, கோட்டுக்கு உள்ளேயே ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் வைத்தார்கள். வெய்யோ திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு மூலை முழுக்கக் கரி. கருகிய நாற்றம் சூப் வாசனையையும் தாண்டி வந்தது. வெய்யோ குனிந்து பார்த்தான், முகர்ந்து பார்த்தான், விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ம். கருகின மாதிரி இருக்கு."

"மாதிரியா? கருகியிருக்கா இல்லையா?"

"கருகினதாவும் வச்சுக்கலாம்."

"ஹை வோல்டேஜ்லதானே?"

"வேற எதுலன்னும் சொல்ல முடியாது."

"லெட்டர்ல எழுது. உறுதியா எழுது."

வெய்யோ பேனாவை எடுத்து நிதானமாக எழுதி நீட்டினான். ஒனெர்வா படித்தாள். 'அதிக மின்னழுத்தம் காரணமாக இருக்காது என்று சொல்வதற்கில்லை.'

அவள் அதை நாலாகக் கிழித்து, ஹன்னஸ் கண்ணெதிரே காகிதத் தொட்டியில் போட்டாள். கோபத்திலும் சரியான தொட்டியில்தான் போட்டாள்.

"ஏன்டா இப்படிப் பண்றே? ஒரு தடவை வாயைத் திறந்து ஆமான்னு சொன்னா பல்லு கொட்டிடுமா?"

வெய்யோவின் காது சிவந்துவிட்டது. "ஆமான்னு எழுதிட்டு, நாளைக்கு அது இல்லைன்னு ஆச்சுன்னா? கையெழுத்து என்னுதுல்ல," என்றான். "உள்ளே வேற ஏதாவது ஏற்கெனவே போயிருந்தா? இடது ஸ்பீக்கர் இருமும்னு நீயே ஊரெல்லாம் சொல்லுவே."

அதில் நியாயம் இருந்தது. அதனால் ஒனெர்வாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"எப்படித்தான் உறுதியா தெரியும்?"

"வேற பவர் யூனிட் போட்டு ஓட்டிப் பாக்கணும். ஓடினா, மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு, பவர் யூனிட்டை மட்டும் கரண்டுதான் அடிச்சுதுன்னு ஆகும்."

"இருக்கா உன்கிட்ட?"

"வேன்ல இருந்தாலும் இருக்கலாம்."

"பதினோரு நிமிஷம்," என்றான் கிம்மோ, வாயில் சூப்போடு.

வெய்யோ வேனுக்கு ஓடினான். அவன் ஓடுவதை அங்கே எல்லோரும் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஹன்னஸ் தன் அறையிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வந்தான், கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே கரண்ட் கொண்டுபோகக் கூடாது என்று போர்டில் இல்லை என்று தானாகவே சொல்லிக்கொண்டு. ஒனெர்வா டார்ச் பிடித்தாள். எட்டி எட்டிப் பார்த்ததில் வெளிச்சம் ஆடியது. "ஆட்டாதே," என்று வெய்யோ அதட்டினான். அதுகூட நேரான சொல்தான், யாரும் கவனிக்கவில்லை. ஆறு நிமிஷம். கம்பி நுனியைச் சீவி முறுக்கினான். நாலு நிமிஷம். திருகினான்.

"போடு ஹன்னஸ்!"

சின்னத் திரை நீலமாக விழித்தது. உள்ளே தட்டு சுழலும் சத்தம். இடது ஸ்பீக்கர் ஒரு தடவை இருமியது. பிறகு அந்தப் பழைய டாங்கோ, கழிவு மையத்தின் இரும்புக் கூண்டுகளுக்கு நடுவே, முழுசாக எழுந்தது.

"ஓடுதுடா! ஓடுது!" என்று ஒனெர்வா வெய்யோவின் முதுகில் கரண்டியாலேயே அடித்தாள். கிம்மோ விசிலடித்தான்.

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் இல்ப்போவை மறந்தேபோயிருந்தாள். அவர் கையூன்றி இறங்கி, வலது காலை இழுத்து இழுத்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தார். யாரும் தடுக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். திரையில் முதல் எழுத்து நிறம் மாறியது. இல்ப்போ வாயைத் திறந்தார்.

இரண்டு நாள் மூடிக் கிடந்த குரல், முதல் வரியில் கரகரத்தது. இரண்டாவது வரியில் நிமிர்ந்தது. மூன்றாவது வரிக்கு வந்தபோது அது பாரில் சனிக்கிழமைகளில் கேட்ட அதே குரல். ஒனெர்வாவுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை, மறைக்கத் தோன்றவுமில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகச் சிரித்துக்கொண்டு நின்றாள். கிம்மோவின் நாற்பத்தைந்து நிமிஷம் எப்போது முடிந்தது என்று யாரும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் வெய்யோ தொண்டையைச் செருமினான். புதுத் தாள் எடுத்தான். ஒரே வரி எழுதினான். 'பவர் யூனிட் ஹை வோல்டேஜால் எரிந்தது. உறுதி.' கையெழுத்தை அழுத்திப் போட்டான்.

"உறுதியாவா?" என்றாள் ஒனெர்வா நம்ப முடியாமல்.

"உறுதியாத்தான்," என்றான் வெய்யோ. அவன் கல்யாணத்தில் பாதிரியார் கேட்டபோதுகூட, "சரின்னு சொல்லலாம்" என்றவன்.

"மெஷின் இன்னும் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கு," என்றான் ஹன்னஸ்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் ஒயரைக் கழற்றி, மெஷினைத் தூக்கி, வாசலருகே இருந்த மர அலமாரிக்குக் கொண்டுபோய், பழைய கோப்பைகளுக்கும் ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில் வைத்தான். இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

"ஓடற பொருள் குப்பை இல்லை. மறுபடி உபயோகிக்கற பொருளுக்குத்தான் இந்த அலமாரி. இங்கேர்ந்து யார் வேணாலும் இலவசமா எடுக்கலாம். ஆளுக்கு ஒண்ணு."

"அப்ப நான் எடுத்துக்கட்டுமா?" என்று கிம்மோ கையை நீட்டினான்.

ஒனெர்வா கரண்டியை ஓங்கினாள்.

வெய்யோ சோதனைக்குப் போட்ட தன் பவர் யூனிட்டைக் கழற்றிக்கொண்டான், பொருத்தமானது வந்ததும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து மாட்டுவதாகச் சொன்னான். "வந்துடுவேன்," என்றே சொன்னான். அன்று அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் ஒனெர்வா அதே பேருந்து நிறுத்தத்தில் காரை ஒதுக்கி, கைப்பிரேக் போட்டு, சைலாவைக் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் சொன்னாள். லெட்டர் வந்துவிட்டது, உறுதி என்றே எழுதியிருக்கிறது, வெய்யோவேதான் எழுதினான், புது மெஷினுக்கு வேண்டாம், ரிப்பேருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

"வெய்யோவா? உறுதின்னு எழுதினாரா?" சைலா வியந்துபோனாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, பின்னாடி பாட்டு கேக்குதே. மெஷின் அதுக்குள்ள ஓடிட்டிருக்கா? ஓடற மெஷினுக்கு நான் எப்படி..."

"மெஷின் டிக்கில கிடக்குதும்மா, மூடி கழட்டினபடியே."

"அப்ப யார் பாடறது?"

ஒனெர்வா திரும்பிப் பார்த்தாள். இல்ப்போ மடியில் காலிப் பானையை வைத்துக்கொண்டு, அதன் மூடியில் விரலால் தாளம் போட்டபடி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இசையும் இல்லை, நிறம் மாறும் எழுத்தும் இல்லை. டாங்கோவின் இரண்டாம் சரணத்தைத் தானாகவே பாடிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர்," என்றாள்.  அப்புறம் சட்டென்று பயந்துபோய், "அதுக்காக நஷ்ட ஈட்டைக் குறைச்சுடாதேம்மா!" என்றாள்.

"குறைக்க மாட்டேன்," என்றாள் சைலா. "அவர் முடிக்கட்டும். நான் லைன்லயே இருக்கேன்."